சேர்வோ மோட்டரைப் பேணலும் மாற்றலும்

'சேர்வோ' என்னுஞ் சொல் இலத்தீன் மொழியில் ஏவலாளைக் குறிக்கும் சொல்லொன்றிலிருந்து பிறந்தது. ஏவியதைச் செய்பவன் மட்டும் நல்ல ஏவலாள் ஆகான். எவ்வளவு செய்து முடித்தான், எவ்வளவு எஞ்சியுளது என்பதை அவ்வப்போது அறிவித்து, குறையுளதாயின் திருத்திக்கொள்பவனே நல்ல ஏவலாள் எனப்படுவான். இவ்விலக்கணத்துக்கு முற்றும் பொருந்துவதாலேயே இக்காலத் தொழிற்சாலைகளிற் பயன்படும் ஒருவகை மின்மோட்டருக்குச் சேர்வோ மோட்டர் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அதனைப் பேணும் முறையையும், பழுதுற்றவிடத்து மாற்றும் முறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியனொருவன் இப்பொருளை எடுத்துக்கொண்டது ஏனென வாசகர் வினவக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த எம் பழைய மாணவர் ஒருவர் தமது அனுபவமொன்றைக் கூறினார். அவர் பணியாற்றிய தொழிற்சாலையிற் பொதியிடும் இயந்திரமொன்று நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை தானாகவே நின்றுவிடலாயிற்று. ஒரு குறித்த மோட்டரின் பெயரைக் காட்டி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மேலாளர் புதிய மோட்டரொன்றைத் தருவித்தார். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதற்கு அவருக்கு ஒரு மணி நேரமே தேவைப்பட்டது. ஆனால் இயந்திரம் முன்போல் இயங்குவதற்கு மூன்று நாள்கள் சென்றன. பொதியின் ஓரத்தை ஒட்டவேண்டிய தாடை, பொதியின் நடுவே வந்து அழுத்தியது. அதனை ஒருவாறு சரிப்படுத்திய மறுநாள், பழைய எச்சரிக்கை விளக்கே மீண்டும் எரிந்தது. குற்றம் மோட்டரில் இருக்கவில்லை. அதற்குச் செல்லும் கம்பியிலிருந்தது. பழியோ அவர் தலையில் விழுந்தது. "ஐயா, நான் எங்கே தவறினேன்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் அவரிடமும் அவர்போன்ற பிறரிடமும் கேட்டறிந்தும், இயந்திரக் கைந்நூல்களைப் பயின்றும் யாம் கண்ட விடையே கீழே தரப்படுகின்றது.

சேர்வோ மோட்டர் யாது?

மின்விசிறியிலுள்ள சாதாரண மோட்டரை முதலில் நோக்குவோம். மின்னோட்டத்தைக் கொடுத்தால் அது சுழலும், நிறுத்தினால் நின்றுவிடும். எத்தனை சுற்றுச் சுழன்றது, எந்தப் பாகையில் நிற்கின்றது என்பவற்றை அஃது அறியாது. நாமும் அறிய வேண்டுவதில்லை. ஆனால் உலோகத்தைக் கடையும் இயந்திரத்தில் வெட்டுங் கருவியை ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு மட்டும் நகர்த்த வேண்டுமாயின், அத்தகைய மோட்டர் பயன்படாது.

சேர்வோ அமைப்பில் மூன்று உறுப்புக்கள் இன்றியமையாதன. முதலாவது, நிலைத்த காந்தங்கள் பொருத்தப்பட்ட சுழலியையுடைய மோட்டர். இரண்டாவது, அம்மோட்டரின் பின்புறத்தில் அமைந்து, தண்டு எந்நிலையில் நிற்கின்றது என்பதை அளந்து கூறும் என்கோடர். மூன்றாவது, கட்டளையையும் அளவீட்டையும் ஒப்பிட்டு மோட்டருக்கு வேண்டிய மின்னோட்டத்தை வழங்கும் செலுத்தி. இதனைத் தொழிற்சாலைகளில் 'டிறைவ்' என்பர். நிற்க வேண்டிய இடத்துக்கும் நிற்கும் இடத்துக்குமுள்ள வேறுபாடு வழு எனப்படும். வழு பூச்சியமாகும்வரை செலுத்தி மோட்டரைத் திருத்திக்கொண்டேயிருக்கும். இத்திருத்தம் ஒரு செக்கனிற் பல்லாயிரம் முறை நிகழ்கின்றது. அளந்ததைத் திரும்ப ஊட்டி ஒப்பிடுதலின், இம்முறைக்குப் பின்னூட்டல் என்று பெயர்.

என்கோடரின் நுட்பத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். 17 துவித இலக்கங்களையுடைய என்கோடர் ஒரு முழுச் சுற்றை 131,072 கூறுகளாகப் பகுக்கும். மோட்டர் ஒரு சுற்றுச் சுழலும்போது 10 மில்லிமீற்றர் முன்னேறும் திருகுதண்டுடன் அஃது இணைக்கப்படின், ஒரு கூறு ஏறத்தாழ 0.000076 மில்லிமீற்றரைக் குறிக்கும். திருகுதண்டின் குறைபாடுகளும் வெப்ப விரிவும் இருத்தலால் இயந்திரம் இத்துணை நுட்பமாக இயங்காது என்பது உண்மையே. ஆயினும் அளக்கும் கண் இத்துணைக் கூர்மையானது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இக்கருத்து புதியதன்று. 1860களிற் பெரிய கப்பல்களின் சுக்கானைத் திருப்ப நீராவி இயந்திரங்களைப் பயன்படுத்தியபோதே பின்னூட்டல் கையாளப்பட்டது. பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் சோசெப் பார்கோ 1873இல் தாம் வெளியிட்ட நூலிற் 'சேர்வோ மோட்டர்' என்னும் பெயரை ஆண்டார். அமெரிக்காவின் மசச்சூசெட்சுத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹாறல்ட் ஹேசன் 1934இல் இதன் கணிதக் கொள்கையை வகுத்தார். அதே கழகத்தில் 1952இல், துளையிட்ட தாள்நாடாவிலுள்ள எண்களைக் கொண்டு மூன்று திசைகளில் நகர்ந்து உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம் இயக்கிக் காட்டப்பட்டது. பின்னர் 1980களிற் கரித்தூரிகை கொண்ட நேரோட்ட மோட்டர்களின் இடத்தை, தூரிகையற்ற ஆடலோட்டச் சேர்வோ மோட்டர்கள் படிப்படியாகப் பிடிக்கலாயின. இன்று கடைசல் இயந்திரங்களிலும், இயந்திரக் கைகளிலும், பொதியிடும் இயந்திரங்களிலும், ஆடைத் தொழிற்சாலைத் தையல் இயந்திரங்களிலும் இவை பணியாற்றுகின்றன.

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். சேர்வோ மோட்டர் வெறும் இரும்பும் செம்புமன்று. தான் நிற்குமிடத்தைத் தானறியும் அறிவும் அதனோடு பிணைந்துள்ளது. பேணுவோனும் மாற்றுவோனும் இரும்பை மட்டும் நோக்கி அறிவை மறப்பாராயின் இடர்ப்படுவர். இதுவே இக்கட்டுரையின் சாரம்.

பேணும் முறை

சேர்வோ மோட்டரின் முதற்பகை வெப்பம். சுருள்களைச் சூழ்ந்துள்ள மின்காவலிக்குத் தாங்கும் எல்லையொன்று உண்டு. F வகுப்புக் காவலிக்கு அவ்வெல்லை 155 பாகை செல்சியசு ஆகும். வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் காவலியின் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது பொறியியலாளர் கையாளும் பொதுவிதி. அவ்விதிப்படி 30 பாகை மிகையாகச் சூடேறி இயங்கும் மோட்டரின் காவலி எட்டிலொரு பங்கு காலமே உழைக்கும். மிக்க வெப்பத்தால் சுழலியின் நிலைத்த காந்தங்களும் வலிமை குன்றும். இவ்வகை மோட்டர்களுட் பல தமக்கென விசிறி இல்லாதவை. தம் மேற்பரப்பாலும், பொருத்தப்பட்ட உலோகத் தகட்டினாலுமே அவை வெப்பத்தை வெளியேற்றுகின்றன. ஆகவே மோட்டரின்மேற் படியும் தூசியையும் எண்ணெய்ப் படலத்தையும் துடைத்தெடுத்தல் அழகுக்காகச் செய்யும் வேலையன்று. அஃது ஆயுளைக் கூட்டும் வேலை. செலுத்திகள் வைக்கப்பட்ட பெட்டியின் விசிறியையும் காற்று வடியையும் துப்புரவாக வைத்தலும் அத்தகையதே.

இரண்டாம் பகை ஈரமும் எண்ணெயும். மோட்டரின் பெயர்த்தகட்டில் IP65, IP67 முதலிய குறியீடுகள் காணப்படும். முதல் இலக்கமாகிய 6 தூசி புகாமையையும், இரண்டாம் இலக்கம் நீருக்கெதிரான காப்பையும் குறிக்கும். ஆனால் இக்காப்பு, இணைப்புச் செருகிகள் முற்றாக இறுக்கப்பட்டிருந்தால் மட்டுமே உண்மையாகும். அரைகுறையாக இறுக்கிய செருகியின் வழியே வெட்டும் எண்ணெய் என்கோடருட் புகுந்து மோட்டரைக் கெடுத்தல் அடிக்கடி நிகழ்வது. கம்பி செருகியை அடையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து பின் மேலேறும்படி அமைத்தல் வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் வளைவின் அடியிற் சொட்டி விழுந்துவிடும், செருகியை அடையாது. செலவில்லாத இச்சிறு ஏற்பாடு விலைமிக்க மோட்டரைக் காக்கின்றது.

மூன்றாவதாகத் தேய்வைக் கருதுவோம். தூரிகையற்ற மோட்டரில் தேயும் உறுப்புக்கள் சிலவே. அவற்றுட் தலையாயவை தண்டைத் தாங்கும் போதிகைகள், அஃதாவது பெயாரிங்குகள். இவற்றைச் சோதித்து மாற்றுவதற்குரிய காலத்தை ஏறத்தாழ 20,000 மணி நேரமெனவும், தண்டைச் சுற்றியுள்ள ஒயில் சீலுக்கு 5,000 மணி நேரமெனவும் உற்பத்தியாளர் சிலர் தம் கைந்நூல்களிற் குறிப்பிடுகின்றனர். இரவு பகலாக இயங்கும் இயந்திரத்துக்கு 20,000 மணி நேரம் என்பது இரண்டே கால் ஆண்டு. நாள்தோறும் எட்டு மணி நேரம் இயங்குவதற்கு அது ஏறக்குறைய ஏழாண்டு. எனவே நாட்காட்டியைப் பார்த்தன்று, இயங்கிய மணிகளைக் கணக்கிட்டே பேணவேண்டும். போதிகை கெடுமுன் ஓசையால் அறிவிக்கும். நாள்தோறும் அவ்வியந்திரத்தருகே நிற்கும் தொழிலாளியின் காதைப்போல் அதனை விரைந்துணரும் கருவி பிறிதில்லை. "இன்று சத்தம் வேறாயிருக்கிறது" என அவர் கூறின், அதனைப் பொருட்படுத்துதல் வேண்டும்.

மேலிருந்து கீழ்நோக்கி இயங்கும் அச்சுக்களிற் பொருத்தப்படும் மோட்டர்களில் பிறேக்கு ஒன்று இருக்கும். பெரும்பாலும் 24 வோல்ற்று நேரோட்டம் கிடைக்கும்போது அது விடுபடும். மின் நின்றவுடன் வில்லின் விசையாற் பற்றிக்கொள்ளும். நின்ற தண்டைப் பிடித்து வைத்தலே அதன் தொழில். ஓடும் தண்டை நிறுத்துதலன்று. ஓட்டத்தை நிறுத்த அதனைப் பயன்படுத்தின் விரைவில் தேய்ந்துவிடும். தேய்ந்த பிறேக்கு ஒரு நாள் பாரத்தைத் தாங்காது நழுவவிடும். அதனால் வரும் கேட்டைப் பின்னர் கூறுவோம்.

நிலையை மறவாது வைத்திருக்கும் சில என்கோடர்களுக்குச் சிறிய மின்கலமொன்று துணைபுரிகின்றது. பெரும்பாலும் அஃது 3.6 வோல்ற்று லிதியக் கலமாகும். இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் எத்தனை சுற்றுக்கள் கடந்தன என்பதை நினைவில் வைப்பது அக்கலத்தின் துணையினாலேயே. கலம் வலிமை குன்றுகின்றது என எச்சரிக்கை தோன்றியவுடன் அதனை மாற்றவேண்டும். கைந்நூல் வேறு கூறாதவிடத்து, கட்டுப்பாட்டு மின் இணைக்கப்பட்டிருக்கும்போதே மாற்றவேண்டும். மின்னை நிறுத்திவிட்டுக் கலத்தைக் கழற்றினால் இயந்திரம் தன் நினைவை இழந்துவிடும். சிறு தொகைக் கலமொன்றை மாற்றத் தவறியதனால் ஒரு தொழிற்சாலை நாட்கணக்கில் நிற்க நேரிடலாம்.

இவை யாவற்றினும் மேலானது குறிப்பெழுதி வைத்தல். மோட்டர் எடுக்கும் மின்னோட்டம், மேற்பரப்பு வெப்பநிலை, சுருள்களின் காவற் தடை ஆகியவற்றைக் குறித்த காலந்தோறும் அளந்து நாட்குறிப்பிற் பதிதல் வேண்டும். காவற் தடையை 500 வோல்ற்று மெகர் கருவியால் அளப்பர்; 10 மெகாஓமிற் குறைதலாகாது எனக் கைந்நூல்கள் சில கூறும். அவ்வாறு அளக்கும்போது மோட்டரைச் செலுத்தியிலிருந்து முற்றாகப் பிரித்துவிடுதல் வேண்டும். என்கோடர்க் கம்பிகளில் மெகரைத் தொடவும் கூடாது. இன்றேல் நோயைத் தேடிய கருவியே நோயாகிவிடும். ஓரளவீடு தனியே நின்று அதிகம் கூறாது. சென்ற ஆண்டு 45 வீதமாயிருந்த மின்னோட்டம் இவ்வாண்டு 60 வீதமாயின், இரண்டும் அனுமதிக்கப்பட்ட எல்லையுள் இருப்பினும், இடையில் ஏதோ இறுகியுள்ளது என்பது தெளிவு.

நோய் மோட்டரில் உளதா?

எச்சரிக்கை விளக்கு மோட்டரின் பெயரைச் சொல்லி எரிந்தமையால் மாத்திரம் மோட்டர் கெட்டது எனத் துணிதல் தவறு. காய்ச்சல் கண்டவனுக்கு நெற்றி சுடுகின்றது. அதனால் நோய் நெற்றியிலுளது என மருத்துவர் கூறார். செலுத்தி மிகைப்பாரம் என அறிவிக்குமாயின், அதற்குக் காரணம் கிறீஸ் உலர்ந்த திருகுதண்டாக இருக்கலாம். விடுபடாத பிறேக்காக இருக்கலாம். தடைப்பட்ட பொருளாகவும் இருக்கலாம். இயந்திரத்திலிருந்து மோட்டரைப் பிரித்து, பாரமின்றி மெதுவாக இயக்கிப் பார்த்தால் ஐயம் தீரும். தனியே நன்கு சுழலுமாயின் நோய் இயந்திரத்திலேயே உளது. செங்குத்து அச்சாயின், பாரத்தைத் தாங்கவைத்த பின்னரே இவ்வாறு பிரிக்கலாம் என்பதையும் ஈண்டே கூறிவைத்தல் நன்று.

மூன்று சுருள்களின் தடைகளையும் அளந்து ஒப்பிடுக. மூன்றும் சமமாயிருப்பின், முற்கூறிய காவற் தடையும் குறையாதிருப்பின், சுருள்கள் பெரும்பாலும் நலமானவையே. என்கோடர் வழு இடையிடையே தோன்றி மறையுமாயின், முதலில் ஐயுறவேண்டியது கம்பியையே. நகரும் இயந்திரத்தோடு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிரும் கம்பியினுள்ளே, வெளியுறை பழுதுறாதிருக்கும்போதே செம்பிழைகள் முறிந்துவிடும். அச்சு எப்போதும் ஒரே இடத்தை அடையும்போது எச்சரிக்கை தோன்றுமாயின், அவ்விடத்தில் வளையும் கம்பியே குற்றவாளி எனப் பெரும்பாலும் கொள்ளலாம். எம் மாணவர் கூறிய இயந்திரத்தில் நிகழ்ந்தது இதுவே. எச்சரிக்கை எழுந்த வேளையில் தாடை எங்கு நின்றது என ஒருவரும் குறித்துவைக்கவில்லை. குறித்திருப்பின் புதிய மோட்டர் தேவைப்பட்டிராது. முதலாவது தவறு இதுவாகும்.

மாற்றும் முறை

ஆராய்ந்து மோட்டரே கெட்டது எனத் துணிந்தபின் மாற்றும் வேலையைத் தொடங்கலாம். முதற்கண் உயிர்க்காப்பு. மின்னை நிறுத்தி, ஆளியைப் பூட்டி, திறப்பை வேலை செய்பவர் தம்மிடமே வைத்திருத்தல் வேண்டும். நிறுத்தியவுடன் செலுத்தி வெறுமையாகிவிடாது. 400 வோல்ற்று ஆடலோட்டம் சீராக்கப்படும்போது செலுத்தியினுள் ஏறத்தாழ 565 வோல்ற்று நேரழுத்தம் உண்டாகும்; அது கொள்ளளவிகளிற் சேமிக்கப்பட்டிருக்கும். 1000 மைக்குரோபரட் கொள்ளளவி ஒன்றில் அவ்வழுத்தத்தில் அடங்கும் சத்தி, அரைமடங்கு கொள்ளளவத்தை அழுத்தத்தின் வர்க்கத்தாற் பெருக்க, ஏறத்தாழ 160 யூல் ஆகும். 1 கிலோகிராம் கல்லை 16 மீற்றர் உயரத்திலிருந்து விழவிடுதற்கு இஃது ஒப்பானது. ஆதலாற் கைந்நூல் கூறும் நிமிடங்கள்வரை காத்திருந்து, மின்னேற்ற விளக்கு அணைந்ததைப் பார்த்து, மானியால் அளந்தபின்னரே கைவைத்தல் வேண்டும்.

செங்குத்து அச்சாயின் இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். பாரத்தைத் தாங்கி நிற்பது மோட்டரும் அதன் பிறேக்குமே. மோட்டரைக் கழற்றும் கணத்தில் அத்தாங்கல் அற்றுப்போகும். கீழே கை இருந்தால் கை போகும். எனவே ஓர் ஆணியைத் தளர்த்துமுன்னரே பாரத்தின் அடியில் உறுதியான முட்டுக் கொடுத்தல் வேண்டும். பிறேக்கு உளதே என நம்பி முட்டுக் கொடாதிருத்தல் பேதைமை.

அடுத்து அறிவைக் காத்தல். செலுத்தியிற் பதிந்துள்ள பரமானங்கள் யாவற்றையும் படியெடுத்து இரண்டு இடங்களில் வைக்கவேண்டும். கட்டுப்பாட்டுக் கணினியின் நிரலையும் அவ்வாறே காக்கவேண்டும். இயங்கும் நிலையில் இயந்திரம் இருக்குமாயின், அறிந்ததொரு நிலைக்கு அதனைக் கொண்டுசென்று, திரையிற் தோன்றும் எண்ணை எழுதிவைத்து, நகரும் பகுதிக்கும் நிலைத்த பகுதிக்கும் குறுக்கே ஒரு மெல்லிய கோடு கீறிவைத்தல் நன்று. கம்பிகளைக் கழற்றுமுன் ஒளிப்படமும் எடுக்கலாம்.

புதிய மோட்டர் பழையதற்கு ஒத்ததா என்பதைப் பெயர்த்தகட்டைக் கொண்டு சோதிக்க. வலு ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது. முறுக்கம், கதி, தண்டின் விட்டம், சாவிப் பள்ளம், பிறேக்கு, என்கோடர் வகை, செருகியின் வடிவம் ஆகிய யாவும் பொருந்தவேண்டும். பலர் மறப்பது சுழலியின் சடத்துவத் திருப்பத்தை. செலுத்தியின் நயம் அச்சடத்துவத்துக்கும் பாரத்தின் சடத்துவத்துக்குமுள்ள விகிதத்தைச் சார்ந்து அமைக்கப்பட்டுள்ளது. விகிதம் மாறின், முன்னர் அமைதியாக ஓடிய அச்சு நடுங்கலாம். பற்சில்லுகளின் வழியே பாரம் இணைக்கப்படும்போது, மோட்டர் உணரும் சடத்துவம் பற்சில்லு விகிதத்தின் வர்க்கத்தாற் குறையும். 5க்கு 1 எனக் கதியைக் குறைக்கும் பற்சில்லு, பாரத்தின் சடத்துவத்தை 25இல் ஒரு பங்காக்கிக் காட்டும்.

கழற்றும்போதும் பூட்டும்போதும் சுத்தியலுக்கு இடமில்லை. தண்டின் முனையில் விழும் அடி, மறுமுனையிலுள்ள என்கோடரைத் தாக்கும். பல என்கோடர்களில் நுண்கோடுகள் பொறித்த கண்ணாடித் தட்டொன்று உண்டு. ஓரடியில் அது விரிசலுறும். இணைப்பியை இழுகருவி கொண்டே கழற்றவேண்டும். பொருத்தும் முகங்களைத் துடைத்து, இரு தண்டுகளும் ஒரே கோட்டில் அமைந்தனவா என முள்மானியாற் சோதித்து, ஆணிகளை எதிரெதிராக மாறிமாறிக் கூறிய அளவுக்கு இறுக்கவேண்டும். கோணலாகப் பொருத்திய மோட்டரின் போதிகை தன் ஆயுளை நிறைவுசெய்யாது.

மோட்டரைத் தாமே திறந்து என்கோடரைக் கழற்ற முனைவோர்க்கு ஓர் எச்சரிக்கை. செலுத்தி எச்சுருளுக்கு எப்போது மின்னோட்டம் வழங்குவது என்பதை, சுழலியின் முனைவுகள் நிற்குமிடத்தை என்கோடர்மூலம் அறிந்தே தீர்மானிக்கின்றது. இரண்டும் பிசகிப் பொருத்தப்பட்டால், முறுக்கம் பிசகிய மின்கோணத்தின் கோசைன் மடங்காகக் குறையும். எட்டு முனைவுகள், அஃதாவது நான்கு சோடிகள் உடைய மோட்டரில் 15 பாகைப் பிசகு 60 பாகை மின்கோணமாகும், முறுக்கம் அரைவாசியாகும். 22.5 பாகைப் பிசகில் முறுக்கம் பூச்சியம். அதற்கு மேலாயின் மோட்டர் திருத்த வேண்டிய திசைக்கு மாறான திசையிற் பாயும். வழு வளர வளர இன்னும் வேகமாகப் பாயும். நல்ல ஏவலாள் வெறிகொண்ட நிலை அது. மூன்று கம்பிகளின் வரிசையை மாற்றி இணைப்பினும் இத்தகைய கேடு விளையும்.

தொடக்கப்புள்ளி

இனி, எம் மாணவர் மூன்று நாள் வருந்தியது எதனால் என்பதை நோக்குவோம். என்கோடரின் பூச்சியம் ஒவ்வொரு மோட்டரிலும் வெவ்வேறு இடத்தில் அமையும். மேலும் இணைப்பியைப் பூட்டும்போது தண்டு எக்கோணத்தில் நின்றதோ அதற்கேற்பவும் தொடக்கப்புள்ளி மாறும். 10 மில்லிமீற்றர்த் திருகுதண்டில் 90 பாகை மாறிப் பூட்டினால், இயந்திரம் முழுவதும் 2.5 மில்லிமீற்றர் இடம்பெயர்ந்து பணிசெய்யும். அது தான் சரியான இடத்தில் நிற்பதாகவே நம்பும். எவ்வித எச்சரிக்கையும் எழாது. அளக்குங் கோலே இடம்பெயர்ந்துவிட்டதாதலின், வழு பூச்சியம் எனச் செலுத்தி அறிவிக்கும். பொதியின் நடுவே தாடை அழுத்தியமைக்குக் காரணம் இதுவே. கடையும் இயந்திரமாயின் கருவி மோதி முறியும்.

ஆதலாற் புதிய மோட்டரைப் பூட்டியபின், முன்னர் கீறிய கோட்டுக்கு அச்சைக் கொண்டுவந்து, எழுதிவைத்த எண்ணை அதற்கு மீண்டும் கற்பித்தல் வேண்டும். பின்னர் முறுக்கத்தையும் கதியையும் மிகக் குறைத்து, அவசர நிறுத்தியருகே ஒருவரை நிறுத்தி, முதலோட்டம் செய்க. திசை சரியா, எல்லை ஆளிகள் தொழிற்படுகின்றனவா எனப் பார்த்து, படிப்படியாகக் கதியைக் கூட்டுக. நயம் மிகின் மோட்டர் ரீங்காரமிட்டு நடுங்கும். குறையின் கட்டளைக்குப் பின்தங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் நிறுத்துக. ஒரு மணி நேரம் ஓடியபின் வெப்பநிலையையும் மின்னோட்டத்தையும் அளந்து நாட்குறிப்பில் எழுதுக. புதிய மோட்டரின் வாழ்க்கை வரலாற்றில் முதல் வரி அதுவே.

எம் மாணவருடைய இயந்திரத்தைத் தொடக்கத்தில் அமைத்தவர் பணியைவிட்டுச் சென்றபோது தொடக்கப்புள்ளியின் எண்ணும் அவரோடு சென்றுவிட்டது. எழுதிவைத்தார் ஒருவருமிலர். ஆகவே "நான் எங்கே தவறினேன்?" என்ற வினாவுக்கு இன்று யாம் கூறும் விடை இது: பூட்டியதில் அவர் தவறவில்லை, ஆராயுமுன் கழற்றியதிலும், எழுதுமுன் கழற்றியதிலும் தவறு நிகழ்ந்தது. அத்தவறில் அவருக்கு ஒரு பங்கும், நாட்குறிப்பு வைத்திராத தொழிற்சாலைக்கும் ஆராயாது மோட்டரைத் தருவித்தவர்க்கும் பெரும்பங்கும் உண்டு. இளைஞரொருவர் தலையில் அத்தனையையும் சுமத்தியது நீதியன்று. இவ்விடையை அவருக்குக் கடித மூலம் அறிவித்தோம். தாம் இப்போது பணிபுரியும் இடத்தில் ஒவ்வொரு மோட்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய பேரேடொன்றைத் தொடங்கியிருப்பதாக அவர் பதில் எழுதியிருந்தார்.

சேர்வோ மோட்டர் செவ்வனே இயங்குவது வழுவே செய்யாமையாலன்று. ஒவ்வொரு கணமும் தன் வழுவை அளந்து, மறையாது அறிவித்து, உடனே திருத்திக்கொள்வதனாலேயே அது செவ்வனே இயங்குகின்றது. அதனைப் பேணுவோரும் அவ்வாறே அளந்தும் எழுதியும் திருத்தியும் வருவாராயின், இயந்திரமும் நெடிது உழைக்கும். அதனருகே நிற்கும் தொழிலாளியின் கையும் காக்கப்படும். தொழிற்சாலைகளுக்குச் செல்லவிருக்கும் எம் மாணவர்கள் கருவிப் பெட்டியோடு ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துச் செல்வார்களாக.